அடுப்புக்கு ஒரு கிள்ளு

நல்ல பாண் எந்த பேக்கரியில் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். கடைக்காரன் ஏசுவான், ஏசட்டும். விரலை எடுத்ததும் பள்ளம் மேலே எழும்பி வந்தால் வாங்குங்கள். பள்ளம் பள்ளமாகவே கிடந்தால் அந்தப் பாணை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இதே பாண் விசயமாகப் போன மாதம், நான் வேலை பார்த்த கேகாலை ஆபீசிலிருந்து எனக்கு ஒரு போன். இப்போது என் இடத்தில் வேலை செய்கிற பிள்ளை பேசினாள். பாணின் நிறையைக் கடையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஊர் ஊராகப் போய் நிறுக்கிறார்களாம். நிறை எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறதாம். ஆனாலும் சனம் திட்டுகிறதாம். "நிறை சரின்னா பாண் சரிதானே அண்ணே?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்காக நான் மூன்று நாள் பாண் தின்றவன். அதை அவளுக்கு போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் நிறுவை அளவைப் பரிசோதகரின் உதவியாளனாக முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். பெயர் நீளமாக இருந்தாலும் வேலை பெட்டி தூக்குவதுதான். மரப்பெட்டிக்குள் சிவப்புத் துணி விரித்து, பித்தளைப் படிக்கற்களைப் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கியிருக்கும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவன் நான். சிங்களப் பையன்களோடு பந்தடித்து வளர்ந்ததால் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அதனால்தான் வேலை கிடைத்தது. அரசாங்க வேலை என்றதும் லயமே பெருமைப்பட்டது. பெட்டி தூக்குகிறேன் என்று தெரிந்ததும் பெருமை பாதியாகிவிட்டது. தூக்குறதுதான் தூக்குற, இங்கயே பால்வாளியத் தூக்கியிருக்கலாமே என்றாள் என் அக்கா லெச்சுமி. அவள் பால் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தில்.

கொழும்பில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். படிக்கல்லைக் கையால் தொடக்கூடாது, வேர்வை ஒட்டினால் நிறை கூடும் என்பதைத் தவிர அதில் எனக்கு எதுவும் நினைவில்லை. மற்றதெல்லாம் சேனாரத்ன மாத்தயாவிடம் கற்றதுதான்.

சேனாரத்ன மாத்தயா எங்கள் பரிசோதகர்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ரம்புக்கனைக்காரர். அவர் பேசியதெல்லாம் சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். குள்ளமான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, தோளில் ஒரு தேத்தண்ணி பிளாஸ்க். எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரன் நீட்டுகிற தேத்தண்ணியைக் குடிக்கமாட்டார். அவர் குடிக்காததால் நானும் குடிக்க முடியாது. முப்பது வருடத்தில் நான் இழந்த தேத்தண்ணிகளைச் சேர்த்தால் மகாவலி ஆற்றில் ஒரு நாள் வெள்ளம் வரும்.

பாண் நிறுப்பது என்றால் அவருக்கு ஒரு பூசை மாதிரி. முதலில் சுழல்கிற பேன்களை அணைக்கச் சொல்வார். பிறகு கதவைச் சாத்தச் சொல்வார். மேசையில் ரசமட்டம் வைத்து, நீர்க்குமிழி நடுவில் வரும்வரை தராசுக் காலுக்கு அடியில் கடதாசி மடித்து வைப்பார். நான் இடுக்கியால் படிக்கல்லை எடுத்து, மான்தோல் துண்டால் துடைத்து, தராசில் வைத்து, தராசு உண்மை சொல்கிறதா என்று காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் பாண். கடையில் இருக்கிறதில் அவர் கை போன போக்கில் பத்து எடுப்பார். பத்தையும் தனித்தனியாக நிறுத்து, கூட்டி, பத்தால் பிரிப்பார். ஓர் இறாத்தல் பாண் என்று ஊர் சொன்னாலும் சட்டத்துக்கு அது நானூற்றைம்பது கிராம். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். சரியாக இருந்தால் "பர ஹரி" என்பார். நிறை சரி என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நிறுத்த பாண்களுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து காசு கொடுத்துவிட்டு வெளியே போவார்.

ஒருமுறை எஹலியகொடவிலிருந்து மாற்றலாகி வந்த புதுப் பையன் ஒருவன் அவசரத்தில் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டான். மாத்தயா கையைத் தூக்கி நிறுத்தினார். பாணின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. ஈ எழும்பிப் போகும்வரை கடையிலிருந்த பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். ஈயைக் கடைக்காரர் விற்கவில்லை என்றார் மாத்தயா.

இனி ஹனீபா நானாவுக்கு வருவோம்; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்போம். புளத்கொகுபிட்டிய பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய பேக்கரி. மூன்று தோட்டங்களுக்கு அவர் பாண்தான். ரப்பர் விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு. பாணின் மேல்தோல் கறுவாப்பட்டை நிறத்தில் இருக்கும், உடைத்தால் சத்தம் கேட்கும். தோட்டத்தில் அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், பால் வெட்டுகிறவர்கள் விடியமுன்னே மலைக்குப் போகவேண்டும். ரொட்டி சுட நேரமிருக்காது. முதல் நாள் பின்னேரம் பாண் வாங்கி, பாதியைப் பிள்ளைகளோடு சாப்பிட்டு, மீதியைத் துணியில் சுற்றி வைத்து, அடுத்த நாள் பத்து மணிக்குப் பால் சேர்த்த கையோடு சம்பலும் வைத்துச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். சுவரே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். அந்த ஊரில் மறுநாள் பத்து மணிவரைக்கும் தாங்குகிற பாண்தான் கொடுத்த காசுக்குப் பெறுமதியான பாண். தாங்காத பாணுக்குப் பாதி விலை கொடுத்தாலும் நட்டம்.

அந்தப் பாண் நிறை குறைந்தது. அதுதான் பிரச்சினை.

முதல் தடவை பத்துப் பாணை நிறுத்துப் பார்த்தபோது சராசரி நானூற்றுப் பதினாறு. மாத்தயா எச்சரித்தார். மூன்று மாதம் கழித்துப் போனோம், அதே கதை. எழுத்தில் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். மூன்றாவது தடவை குறைந்தால் கேகாலை கோட்டுக்கு வழக்குப் போகும். ஹனீபா நானா மெலிந்த மனிதர், கை இரண்டும் சுள்ளிகள். ஆனால் கோபம் வந்தால் அடுப்பே குளிர்ந்ததாகத் தெரியும். ஒங்கட மெசின்தான் பொய் சொல்லுது, எங்கட வாப்பா வெச்ச கல்லு பொய் சொல்லாது என்று சத்தம் போட்டார். மாத்தயா வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கள்ளன்டு பேரெடுத்து நான் பாண் விக்க மாட்டன். கோட்டுக்குக் கூப்பிட்டா அண்டைக்கே அடுப்ப அணைச்சிருவன். எழுதி வெச்சுக்கோங்க."

அவர் சொன்னால் செய்கிறவர். அடுப்பு அணைந்தால் தோட்டத்துக்கு வருவது அடுத்த ஊர்ப் பாண். வெள்ளை வெளேரென்று இருக்கும், பிசைந்தால் களிமண்ணாக உருளும். நிறை மட்டும் எப்போதும் சரி. இரண்டு கிழமை, பதினாலு இரவும், எனக்குத் தூக்கம் சரியில்லை. மூன்றாவது பரிசோதனைக்கு முதல் நாள், ஆபீசுக்குப் பின்னால் போய் நின்று, செய்யக்கூடாததைச் செய்தேன். நானாவுக்கு போன் எடுத்து, நாளைக்கு வர்றோம், பாண் கனமா இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பயத்தில் எப்படிக் கனமாக்குவது என்பதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் போனோம். பேன் நின்றது, கதவைச் சாத்தினார்கள், ரசமட்டம் வந்தது. பத்துப் பாணும் பொலித்தீன் உறைக்குள் வேர்த்துக்கொண்டு இருந்தன. நிறுத்தோம். சராசரி நானூற்றைம்பத்தொன்று. நானாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. என் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. மாத்தயா பாணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு ஒரு பாணை எடுத்து மோந்தார். பெருவிரலால் நடுவில் ஓர் அமுக்கு அமுக்கினார். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் அப்படியே கிடந்தது.

"பர ஹரி" என்றார்.

காசு கொடுத்தார். பத்துப் பாணையும் என்னிடம் தூக்கித் தந்தார். ஒரு தோளில் படிக்கல் பெட்டி, இரண்டு கையிலும் பாண், அந்தக் கோலத்தில் நான் கேகாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கொண்டக்டர் பாணுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கேலி பண்ணினான். ஆபீசுக்கு வந்ததும் மாத்தயா சொன்னார்: "இனி ஒன் பகல் சாப்பாடு இதுதான். ஒரு நாளைக்கு ஒன்னு. சட்டப்படி இதுல ஒரு குறையுமில்ல."

யார் போன் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். முதல் நாள் பாணைத் தின்றேன். வாயில் பசையாக ஒட்டியது. இரண்டாம் நாள் புளித்த வாடை. எதிர் மேசையில் உட்கார்ந்து அவர் தன் பார்சல் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பாதி தின்ற பிறகுதான் அடியில் பச்சைப் பூஞ்சணம் இருந்ததைக் கண்டேன். வாயில் இருந்ததைத் துப்பினேன். உறை பிரிக்காத இன்னொரு பாணை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், அதிலும் பச்சை. அவர் அதைத் தராசில் வைத்தார். சாவகாசமாகக் குனிந்து எண்ணைப் படித்தார்.

"இப்பவும் பர ஹரி" என்றார். ஆனால் மீதியைத் தின்னச் சொல்லவில்லை.

நான் கூட நினைத்தேன், தலைக்கு வந்தது வயிற்றோடு போனது என்று. எங்கே போனது? அந்த ஒரு நாளோடு விட்டுவிட்டு நானா பழைய சூட்டுக்குத் திரும்பவில்லை. அரைவேக்காட்டில் எடுத்துச் சூட்டோடு உறையில் அடைத்தால் நிறை சரியாக வருகிறது, விறகும் மிச்சம், கோட்டும் இல்லை, ஆபீசே சரி என்று சொல்லிவிட்டது. பிறகு அவர் ஏன் மாறவேண்டும்? லயத்தில் அதற்குச் சட்டப் பாண் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் பொலித்தீன் பை. அதை என் மேசையில் போட்டாள், பாண் பொத்தென்று விழுந்தது. முதல் நாள் வாங்கிய பாதியை மலையில் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாளாம். மீதி மரத்தை வெட்ட முடியவில்லை. அரைப்பேர்தான் போட்டார்களாம், அதாவது அரை நாள் சம்பளம்.

"ஒங்க ஆபீஸ் வந்து நிறுத்துட்டுப் போனதுக்கப்பறம்தான்டா இப்பிடி. நிறுக்காம இருந்தப்ப நல்ல பாண் தின்னோம். இந்தா, ஒன் பாண நீயே தின்னு."

அவளுக்கு என் போன் விசயம் தெரியாது. தெரிந்திருந்தால் பாண் மேசையில் விழுந்திருக்காது. என்னால்தான் என்று எனக்குத் தெரியும், அது போதும். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது, அதை இப்போதும் மறைக்கமாட்டேன். ஊரிலேயே நல்ல பாணைக் காப்பாற்றப் போய் ஊரிலேயே நல்ல பாணை நானே கொன்றுவிட்டேன்.

திங்கட்கிழமை மாத்தயாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. தெரியும், அதுக்குத்தானே நீ பாண் தின்ன என்றார். இன்னொரு தடவை செஞ்சா வீட்டுக்குத்தான் என்றார். பிறகு, உனக்கு என்னதான் வேணும் என்று கேட்டார். நல்ல பாண் வேணும் மாத்தயா என்றேன்.

"அதுக்குச் சட்டத்துல இடமில்ல" என்றார். பேனாவை மூடிப் பையில் செருகினார். "சனிக்கிழம பெட்டியத் தூக்கிட்டு வா."

சனிக்கிழமை அவருக்கு லீவு. கட்டம் போட்ட சட்டையில் வந்தார், பிளாஸ்க் மட்டும் அதே பிளாஸ்க். பின்னேரப் பாணுக்கு மாவு வெட்டுகிற பகல் நேரம் பார்த்துப் போனோம். நானா எழும்பி நின்று, நிறைதான் சரியாயிருச்சே, இன்னும் என்ன என்றார். மாத்தயா கடை முன்பக்கம் நிற்காமல் நேரே பின்கட்டுக்கு நடந்தார். அத்தனை வருடத்தில் நாங்கள் மாவு மேசையைப் பார்த்ததே இல்லை. எங்கள் வேலை வெந்த பாணோடு முடிந்துவிடும்.

அங்கே ஒரு பழைய தட்டுத் தராசு. ஒரு தட்டில் நானாவின் வாப்பா வைத்த ஓர் இறாத்தல் இரும்புக் கல். நானா மாவை வெட்டி மற்றத் தட்டில் போட்டார். தட்டு சமமாக நின்றது. அதற்கு மேலே விரலால் ஒரு கிள்ளு மாவைக் கிள்ளிப் போட்டார். அது என்ன என்று மாத்தயா கேட்டார். அடுப்புக்கு ஒரு கிள்ளு என்றார் நானா. அடுப்பு தன் பங்கைத் தின்றுவிடும், அதனால் கல்லுக்கு மேலே ஒரு கிள்ளு போடவேண்டும், வாப்பா கற்றுத் தந்த முறை, ஒரு நாளும் தவறியதில்லை.

மாத்தயா இரும்புக் கல்லை எங்கள் தராசில் வைக்கச் சொன்னார். நானூற்றைம்பத்து நாலு. சுத்தமான இறாத்தல், கல் பொய் சொல்லவில்லை. பிறகு அந்தக் கிள்ளை மட்டும் தனியாக வைக்கச் சொன்னார். முப்பது கிராம். பக்கத்தில் நின்ற வேலையாளை ஒரு கிள்ளு கிள்ளச் சொன்னார். இருபத்தெட்டு. என்னைக் கிள்ளச் சொன்னார். பெட்டி தூக்கித் தூக்கிக் கை தடித்தவன் நான், எனக்கு நாற்பத்தைந்து வந்தது.

"உங்க வாப்பாவுக்குக் கை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் மாத்தயா.

நானா தன் சுள்ளிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாப்பாவுக்குச் சொளகு மாதிரிக் கை என்று மெதுவாகச் சொன்னார். அவர் மரத்தில் பலாப்பழத்தை ஒரு கையால் பிடித்து இறக்குவாராம். அப்படிப்பட்டவரின் கிள்ளு எழுபது கிராமுக்குக் குறையாது. முறை சரி, கல் சரி, அடுப்பு சரி, கை மட்டும் சின்னது. அந்தப் பின்கட்டில் யாரும் சிரிக்கவில்லை. நானாவின் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் இத்தன வருசமா சனத்துக்குக் கொறச்சுத்தான் குடுத்திருக்கேனா?"

மாத்தயா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை, அது அவர் பழக்கமில்லை. கருக்கச் சுட்டது தப்பில்ல, கிள்ளுனதுதான் தப்பு என்றார். என் பெட்டியிலிருந்து கல்லை எடுத்துக் கணக்குக் காட்டினார். இறாத்தலுக்கு மேலே எழுபது கிராம் மாவு, கையால் கிள்ளக் கூடாது, முத்திரை குத்திய கல்லால்தான் நிறுக்கவேண்டும், பிறகு பழைய மாதிரி கறுவாப்பட்டை நிறம் வரும்வரை சுடலாம். அன்றைக்கே ஓர் அடுப்பு சுட்டுப் பார்த்தோம். மேல்தோல் வெடிக்கிற சத்தம் எனக்கு முதலில் கேட்டது. நிறுத்தோம், நானூற்றைம்பது. மாத்தயா அமுக்கினார், பள்ளம் எழும்பி வந்தது. பர ஹரி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரு பாணை வீட்டுக்கென்று வாங்கிக்கொண்டார். கடைக்காரர் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

மாவு கூடியதால் நானா விலையை ஐந்து ரூபாய் கூட்டினார். லயத்தில் பெரிய ரகளை. கள்ள நானா, கொள்ளைக்கார நானா என்று ஏச்சு. இரண்டு கிழமை போனது. அக்காவைக் கேட்டேன். மலை வரைக்கும் கெடாம வருதுடா, அது போதும் என்றாள். ஐந்து ரூபாயைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளன்று ஆபீசில் எனக்குக் குடை ஒன்றும் கடிகாரம் ஒன்றும் தந்தார்கள். மாத்தயா அதற்கு முன்பே ஓய்வு பெற்று ரம்புக்கனையில் இருந்தார். முழங்கால் வலி, வரவில்லை. பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் ஹனீபா நானா வாசலில் நிற்கிறார். வயதாகி, பேக்கரியை மகனிடம் கொடுத்துவிட்டவர், பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு பார்சல். மாத்தயா தரச் சொன்னது என்று என்னிடம் நீட்டினார்.

பிரித்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு பாண், பொலித்தீன் உறைக்குள் வேர்த்துக்கொண்டு. நடுவில் ஒரு பெருவிரல் பள்ளம். உறையில் நீலப் பேனாவால் பர ஹரி என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

"போன்ல கூப்பிட்டு, இப்பிடித்தான் சுட்டுக் கொண்டு போகணும்னு சொன்னாரு. பள்ளமும் எழுத்தும் என்னையே போடச் சொன்னாரு. நேத்து நான்தான் சுட்டன். மகன் பாத்துட்டு, வாப்பாவுக்கு மூள பிசகிட்டுதுங்கறான்" என்றார் நானா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு நீங்க போன் எடுக்கல்லெண்டா நான் அடுப்ப அணைச்சிருப்பன் தம்பி. எனக்கு அது தெரியும்."

ஆபீஸ் பிள்ளைகள் அதைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறை சரிதானே அண்ணே, ஏன் சிரிக்கிறீங்க என்றார்கள். நான் உறையைக் கிழித்தேன். வெட்டக் கத்தி வேண்டியிருக்கவில்லை, கையாலேயே பிய்ந்து வந்தது. யாருக்கும் கொடுக்காமல், புதுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் இறாத்தல் பாணையும் கடைசிக் கிள்ளு வரைக்கும் நானே தின்று முடித்தேன்.